தண்ணீருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அடுத்து வாய் திறந்துகொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் யோசிப்பது என்று ஒரு வேலை இருக்கிறதாம். என் வீட்டுக்காரர் சசிகுமார் சொல்வார். இருக்கலாம், எனக்கு அது பழக்கமில்லை.

எங்கள் ஊரில் ஐந்து தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு பாசனத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். பொதுக் கிணற்று மோட்டார் தண்ணீரை மேட்டிலிருக்கும் தொட்டிக்கு ஏற்றும். தொட்டியிலிருந்து ஒரே நீளக் குழாய் இறங்கி, ஐந்து தோட்டங்களையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகும். ஒவ்வொரு தோட்டத்துக்கு உள்ளேயும் ஒரு வால்வு. வால்வுக்கு மேல் இரும்புப் பெட்டி, பெட்டிக்குப் பூட்டு, சாவி அவரவரிடம். யாரும் தண்ணீரைத் திருடிவிடக் கூடாதாம். திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டுக்கு ஒரு நாள் முறை. சனியும் ஞாயிறும் யாரும் வால்வைத் தொடக் கூடாது, தொட்டி நிரம்ப வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டவர் ஆபீசில் உட்கார்ந்துதான் போட்டிருக்க வேண்டும். ஆபீசுக்கு லீவு என்றால் தண்ணீருக்கும் லீவு. நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்களும் பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகிறவர்கள். வாரத்தில் எங்களுக்கு மண்வெட்டி பிடிக்க வாய்க்கிற நாளே ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. அட சாமி, இதை எங்கே போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது!

என் தோட்டம் வரிசையில் கடைசி. என் முறை வியாழன். திட்டம் வந்த புதிதில் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. இந்தப் போகம் சின்ன வெங்காயம் ஊன்றியதிலிருந்து பிடித்தது கேடு. வியாழக்கிழமை வால்வைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு கொஞ்சம் சேறு வரும், அப்புறம் சுண்டுவிரல் பருமனுக்குத் தண்ணீர் வரும். அது முதல் பாத்தி நனைவதற்குள் நின்றுபோகும். புரட்டாசி பிறந்தும் மழையைக் காணோம். வெங்காயத் தாள் நுனி கருகி மடிந்துகொண்டிருந்தது.

சசிகுமார் சண்டை போடுகிற ஆள் இல்லை. ஒரு நாள் காலையில் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கலா, இந்த வெங்காயமும் காஞ்சு போச்சுன்னா, பாண்டித்துரை கேக்கற மாதிரி தோட்டத்தை சைட்டுக்குக் குடுத்துப்போடலாம். இனி என்னால ஆகாது."

பாண்டித்துரை மனை புரோக்கர். எங்களைச் சுற்றியிருந்த காடு தோட்டங்களையெல்லாம் மனையாக்கி மஞ்சள் கல் நட்டு முடித்தவர். இனி மிச்சம் நாங்கள்தான்.

"குடுத்துப்போட்டு?" என்றேன்.

"ரெண்டு பேரும் நிம்மதியா கம்பெனிக்குப் போலாம்."

"இப்ப மட்டும் எங்க போறமாம், காசிக்கா?"

அவர் சண்டைக்கு வரவில்லை, எழுந்துபோய் டம்ளரைக் கழுவி வைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சத்தம் போட்டால் சமாளித்துவிடலாம், களைத்துப் போனவரை என்ன செய்வது? அந்தத் தோட்டம் போனால் எனக்கு என்ன போகும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வேலம்பாளையத்துக் கம்பெனியில் நான் மூன்றாவது லைனில் ஒரு மெஷின். சூப்பர்வைசர் என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, மெஷின் பேரைச் சொல்லி "ஓவர்லாக்" என்றுதான் கூப்பிடுவான். தோட்டத்தில் இறங்கினால்தான் நான் சித்ரகலா. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

யார் மேல் கோபப்படுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. முதல் தோட்டம் சாமியப்பன் அண்ணனுடையது. சோமனூரில் தறி ஓட்டுகிறார், ராத்திரி ஷிப்டு. சம்சாரம் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். தோட்டத்தைச் சுற்றிலும் ஆளுயரக் கிளுவை வேலி. வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிற வாழை மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கும். வழியில் பார்த்தால், "வாங்க அம்மிணி, சவுக்கியமுங்களா" என்று தேனாகப் பேசுவார். பேச்சைக் கேட்கக் கேட்க எனக்கு எரியும். எங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தானே இந்தப் பவ்யம்!

கம்பெனியில் பக்கத்து மெஷின் ராக்கம்மாளிடம் கொட்டித் தீர்த்தேன். அவளுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம்.

"எக்கா, எங்கூர்ல தண்ணிக்கு அருவாளே எடுப்பாக. நீங்க என்னடான்னா திருடுறவரைக்கூட வாங்க, போங்கன்னு கூப்பிடுறீக. போயி அந்தப் பூட்ட ஒடச்சுப் போடுங்கக்கா."

"அடுத்தவங்க மடையைத் தொடறது எங்கூர்ல வழக்கமில்ல ராக்கு."

அது உண்மை. பொதுக் கிணற்றில் முறை வைத்து இறைத்த காலத்திலிருந்தே அப்படித்தான். அடுத்தவர் பாத்தி நிறைந்து வழிந்தாலும் அவர் மடையை நாம் தொட மாட்டோம். தொட்டால் ஒன்று அவர் தண்ணீரைத் திருடுகிறோம், இல்லையென்றால் அவருக்குப் பொறுப்பில்லை என்று சொல்கிறோம். இரண்டுமே அவமரியாதை.

"மரியாதை பாத்தே காஞ்சு போங்க," என்றாள் ராக்கம்மாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமியப்பன் அண்ணன் தோட்டத்து வேலியோரம் நடந்துபோனேன். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. சலசலவென்று நிற்காமல் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை! ஊரே வால்வைப் பூட்டி வைத்திருக்கிற லீவு நாள்! என் காது சூடானது. நேராக வீட்டுக்குப் போனேன், சுத்தியலை எடுத்தேன். சசிகுமார் பின்னாலேயே "ஏப்புள்ள, ஏப்புள்ள" என்று கூப்பிட்டது காதில் ஏறவில்லை.

படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், முதலில் நாற்றம்தான் வந்தது. அழுகல் நாற்றம். அப்புறம்தான் பார்த்தேன். வேலியோரத்து வாழைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பயிர் முழுவதும் வெளுத்துச் சாய்ந்து கிடந்தது. தோட்டம் பூராவும் முழங்கால் சேறு. நடுவில் சாமியப்பன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரை வெளியேற்றக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்காத கண் சிவந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க அம்மிணி. அடடே, சுத்தியல் வேற எடுத்துட்டு வந்திருக்கீங்க. வால்வைத் தட்டிப் பாக்கலாம்னுங்களா? நானும் தட்டிப் பாத்துட்டனுங்க, அசைய மாட்டீங்குது."

எனக்கு வாயடைத்துப் போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். சக்கரம் சுற்றுகிறது, ஆனால் வால்வு முழுதாக மூடவில்லை. உள்ளே எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மஞ்சள் செடியைப் பிடுங்கினார். கிழங்கு கையோடு கூழாக வந்தது.

"எப்பருந்துங்ணா இப்படி?"

"ஆடியிலருந்தேங்க."

"ரெண்டு மாசமா வாயை மூடிட்டா இருந்தீங்க? சொல்லியிருக்கலாமல்லங்க!"

"எந்த வாயில சொல்றதுங்க அம்மிணி?" என்றார். "கடைசித் தோட்டத்துல நீங்க தண்ணியில்லாமத் தவிக்கறீங்க. உங்ககிட்ட வந்து, எனக்குத் தண்ணி ஜாஸ்தியா வருதுன்னு நான் குறை சொல்றதுங்களா? கேக்கறவங்க என்ன நெனப்பாங்க? பொழுதுக்கும் வெட்டி விட்டாத் தீந்துரும்னு பாத்தனுங்க. தீரலை."

சுத்தியலை வரப்பில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இவர் முங்கிக்கொண்டிருக்கிறார், நான் காய்ந்துகொண்டிருக்கிறேன், நடுவில் ஒரு வேலி. கம்பெனியில் ஒருத்தி மேசையில் பீஸ் குவிந்து கிடந்து, அடுத்தவள் சும்மா உட்கார்ந்திருந்தால், குவித்து வைத்திருக்கிறவளைத் திருடி என்றா சொல்வோம்? மெஷின் மாட்டிக்கொண்டது என்று மெக்கானிக்கைத்தானே கூப்பிடுவோம்? இத்தனை வருஷம் லைனில் உட்கார்ந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். திட்டத்தின் என்ஜினீயர் மைதிலி, சின்ன வயசுப் பெண். நல்லூரில் குடியிருக்கிறாள். போனை எடுத்ததும் ஆரம்பித்தேன்.

"மேடம், இன்னைக்கு உங்க தண்ணிக்கு லீவு. உங்களுக்கும் லீவுங்களா? இல்லைன்னா ஒரு எட்டு வந்து பாருங்க. இங்க ஒருத்தர் முங்கீட்டு இருக்கறாரு, ஒருத்தி காஞ்சிட்டு இருக்கறா. ரெண்டுமே உங்க குழாய்தான்."

சாக்குச் சொல்வாள் என்று நினைத்தேன். வெயில் ஏறுவதற்குள் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். சாமியப்பன் அண்ணனும் அவளுமாக வால்வைக் கழற்றினார்கள். கைநிறைய மணலும் வண்டலும் வந்தன. அதை உள்ளங்கையில் வைத்து விரலால் கிளறிப் பார்த்தாள்.

"தொட்டியோட அடியிலேயே குழாய்க்கு வாய் வச்சுட்டோங்க," என்றாள். "ஒரு ஜாண் மேல வச்சிருந்தா வண்டல் கீழே தங்கியிருக்கும். இப்ப எல்லாம் நேரா முதல் வால்வுக்கு வந்து உக்காந்துக்குது. இது மூடாம இருந்தா, அடுத்தவங்க முறையில பாதித் தண்ணி இங்கயே எறங்கிரும். கடைசிக்கு வர்றப்ப ஒண்ணும் இருக்காது. எங்க பக்கத் தப்புதாங்க."

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு நிற்கிறவளிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? என் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை.

"ரெண்டு மாசமா நீங்க ஏனுங்க பாக்க வரலை?"

"வந்தேங்க. புதன்கிழமை பதினொரு மணிக்கு வருவேன். எல்லா வீடும் பூட்டிக் கிடக்கும். பெட்டியும் பூட்டிக் கிடக்கும். யாரும் குறை சொல்லலை, அதனால நல்லா ஓடுதுன்னு எழுதீட்டுப் போயிட்டேன்."

"நாங்க சொன்னாத்தான!" என்றார் சாமியப்பன் அண்ணன். அவரே சிரித்துவிட்டார்.

அதற்குள் சசிகுமாரும், இரண்டாவது தோட்டத்து நஞ்சம்மாக்காவும், மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். வரப்பிலேயே கூட்டம் கூடியது. திட்டம் போட்ட நாளிலிருந்து ஐந்து வீடும் ஒன்றாக நின்றது அன்றைக்குத்தான். வண்டலை எடுத்து, தொட்டியின் வாயை மேலே தூக்கி வைத்துவிடலாம் என்றாள் மைதிலி. அது போதாது என்றேன் நான்.

"நாளைக்கு வேற ஒருத்தர் வால்வு கெட்டா மறுபடி வேலிக்குள்ள, பூட்டுக்குள்ளதான கெடக்கும்? எங்க லைன்ல எல்லா மேசையும் சூப்பர்வைசர் கண்ணுக்குத் தெரியும். வால்வும் அப்படி ஒரே எடத்துல, எல்லார் கண்ணுலயும் படற மாதிரி இருக்கோணும்."

"எங்கீங்க வைக்கலாம்?" என்று மைதிலி கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

"பால் சொசைட்டி பக்கத்துல!" என்று என் வாயில் வந்தது. சொசைட்டி தொட்டி மேட்டின் அடியிலேயே இருக்கிறது. ஐந்து வீட்டிலும் மாடு உண்டு. கம்பெனிக்குப் போனாலும், தறிக்குப் போனாலும், காலையிலும் சாயங்காலம் பொழுதோடவும் வீட்டுக்கு ஒருத்தர் அங்கே பால் ஊற்ற வந்தே ஆக வேண்டும்.

மைதிலி சேற்றில் குச்சியால் கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். "எல்லா வால்வும் ஒரே எடத்துல வேணும்னா தோட்டத்துக்கொரு குழாய் போடணும். அவ்வளவு குழாய்க்கு எங்க போறது?" என்று முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே துள்ளினாள். "புதுசா நீளக் குழாய் வேண்டாங்க! இருக்கற நீளக் குழாயில நடுவுல பிரியற வாயையெல்லாம் அடைச்சு, அதைக் கடைசித் தோட்டத்துக்குன்னே விட்டுறலாம். முன்னால இருக்கற தோட்டங்களுக்கு மட்டும் தனித்தனியாக் குழாய். அது தூரம் கம்மி, சின்னக் குழாயே போதும். வேற ஊர் வேலையில மிச்சமானது எங்க குடோன்லயே கெடக்குது."

பிரச்சினை நஞ்சம்மாக்காவிடமிருந்து வந்தது.

"என்ற வால்வைக் கொண்டுபோய் நடு ஊர்ல வச்சா, போறவன் வர்றவனெல்லாம் திருகிப்போட்டுப் போவானுங்க. நான் ஒத்துக்க மாட்டேன். என்ற வால்வு என்ற தோட்டத்துலதான் இருக்கோணும்."

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சாமியப்பன் அண்ணன் பேசினார். கையில் இன்னும் அந்த அழுகின கிழங்கு இருந்தது.

"திருகட்டுங்க நஞ்சக்கா. யாராச்சும் ஒருத்தர் ஒரு நாள் உள்ள வந்து என்ற வால்வைத் திருகிப் பாத்திருந்தா, என்ற மஞ்சள் பொழச்சிருக்கும்."

நஞ்சம்மாக்கா அந்தச் சாய்ந்து கிடந்த தோட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு, "எப்பப் பள்ளம் பறிக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லீவையும் அங்கேயே ஒழித்துக் கட்டினோம். ஞாயிறு முறை எல்லாருக்கும் மாறி மாறி வரும் என்று முடிவானது. தொட்டி நிரம்புவதற்குப் புதன்கிழமையும் சனிக்கிழமையும். "புதன்கிழமை நானும் வரமாட்டேங்க, பயப்படாதீங்க," என்றாள் மைதிலி. அவளுக்கும் வாய் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் பேசி முடித்தாலும் என் வெங்காயம் காத்திருக்க வேண்டுமே! குழாய் வந்து சேர வேண்டும், பள்ளம் பறிக்க வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும். தொட்டியையும் குழாயையும் பிரித்துப் போட்டிருந்ததால் அதுவரை யாருக்கும் தண்ணீர் இல்லை. காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் நானும் சசிகுமாரும் மொபெட்டில் கேன் கட்டிக் கொண்டுபோய்ப் பாத்தி பாத்தியாக உயிர்த்தண்ணீர் ஊற்றினோம். பாதித் தோட்டத்தைக்கூட நனைக்க முடியவில்லை. பாண்டித்துரை போன் பண்ணி, அட்வான்சோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். சசிகுமார் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெங்காயத்தின் தாளை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இந்த வியாழக்கிழமை தண்ணி வரலைன்னா முடிஞ்சுது," என்றார். நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

அந்த வியாழக்கிழமை பொழுதோடதான் கடைசி இணைப்பு முடியும் என்று மைதிலியின் ஆட்கள் சொன்னார்கள். நான் சீக்கிரம் வந்து பால் ஊற்றிவிட்டு வால்வைத் திறப்பதாக ஏற்பாடு. கம்பெனியில் அன்றைக்கென்று பார்த்து ஷிப்மென்ட்! கேட்டைச் சாத்திவிட்டான் சூப்பர்வைசர். பீஸ் முடியாமல் ஒருத்தரும் நகரக் கூடாதாம். காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன், பிறகு கத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சசிகுமாருக்குப் போன் போட்டால் அவரும் தன் கம்பெனியில் கட்டிங் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். பால் ஊற்றுகிற நேரம் போய்க்கொண்டே இருந்தது. தையல் கோணிக்கொண்டு போனது. கண் மறைத்தது.

"எக்கா, துணியப் பாத்துத் தைங்க, விரலத் தச்சிராதீக," என்றாள் ராக்கம்மாள்.

அப்போதுதான் போன் அடித்தது. சாமியப்பன் அண்ணன். மூச்சு வாங்கினார்.

"அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. பால் ஊத்த வந்தனுங்க. உங்க முறை, ஆனா வால்வு மூடியே கெடந்துச்சு. உங்களைக் காணோம். கொஞ்ச நேரம் பாத்துப்போட்டு, நானே தொறந்துட்டனுங்க."

மெஷினை நிறுத்தினேன்.

"குழாயோடவே நடந்து கடைசி வரைக்கும் வந்து பாத்தனுங்க. தண்ணி வந்துருச்சு. கொட்டுது. மொதப் பாத்தி நெறஞ்சிருச்சு, மடை மாத்தி விடோணும். உங்க தோட்டத்து மடை, கேக்காமத் தொடறது எப்படின்னு..." என்று இழுத்தார். "தறிக்குப் போக இன்னும் நேரமிருக்குதுங்க. மாத்தட்டுங்களா?"

"மாத்துங்ணா," என்றேன். "எல்லா மடையும் மாத்துங்ணா." மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். லைனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ராக்கம்மாள் பதறிப் போனாள். "என்னக்கா, ஊர்ல யாரும் தவறிட்டாகளா?"

"இல்லடி. பொழச்சிருச்சு."

மறுநாள் விடிந்தபோது பக்கத்தில் சசிகுமாரைக் காணோம். தோட்டத்துக்குப் போனேன். பாத்தி எல்லாம் கறுப்பாக நனைந்து கிடந்தது. அவர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் குந்தியிருந்தார். ஒரே நாளில் வெங்காயம் நிமிர்ந்துவிடாது. ஆனால் தாளின் அடியில், கருகலுக்குக் கீழே, புதுப்பச்சை தெரிந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றது அவருக்குத் தெரியவே இல்லை.

அவர் பையில் போன் அடித்தது. எடுத்தார். எதிரில் பேசியது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் பாண்டித்துரை என்று தெரிந்துவிட்டது. என் காது சூடானது, வாயைத் திறக்கப் போனேன். சசிகுமார் சேற்றுக் கையைத் தூக்கி, பொறு என்றார்.

"ஆமாங்க, சசிகுமார்தானுங்க... இல்லீங்க, வராதீங்க. கல்லு நட எடமில்லீங்க," என்றார். கீழே குனிந்து இன்னொரு தாளை நிமிர்த்திப் பார்த்தார். "வெங்காயம் நிக்குது."